எல்லாக் குழந்தைகளுக்கும் விளையாட்டு மணி

டவுன் சிண்ட்ரோமுடன் பிறக்கும் குழந்தைகள் பொதுவாக இரண்டு வயதையொட்டித்தான் தனியாக நடக்கத் தொடங்குகிறார்கள். தசைகளில் இறுக்கம் குறைவு, மூட்டுகளில் தளர்வு அதிகம் என்பதால் இந்தத் தாமதம். ‘கொஞ்சம் பொறுங்கள், தானாக நடப்பான்’ என்பதே பெற்றோர் காலங்காலமாகக் கேட்டுவந்த பதில். அமெரிக்க உடலியக்கவியல் ஆய்வாளர் டேல் உல்ரிக்கும் அவருடைய குழுவினரும் அந்தப் பதிலோடு நிற்கவில்லை. சின்னஞ்சிறு டிரெட்மில்களை வீடுகளுக்கே கொண்டுபோனார்கள். 30 விநாடி தனியாக உட்காரப் பழகிவிட்ட குழந்தையை அம்மாவோ அப்பாவோ தாங்கிப் பிடித்து அதன் மேல் நிறுத்த வேண்டும். பட்டை மெல்ல நகர நகர, குழந்தையின் கால்கள் அடியெடுத்து வைக்கும். நாளுக்கு 8 நிமிடம், வாரத்துக்கு 5 நாள். 2001இல் ‘பீடியாட்ரிக்ஸ்’ ஆய்விதழில் முடிவு வெளியானது. வழக்கமான இயன்முறைச் சிகிச்சை மட்டும் பெற்ற குழந்தைகளைவிட, இந்தப் பயிற்சியையும் சேர்த்துப் பெற்றவர்கள் சராசரியாக 101 நாள்கள் முன்னதாக நடந்தார்கள்.

நடக்கத் தொடங்கும் குழந்தை மேசை மீது இருப்பதை எட்டிப் பார்க்கிறது, வாசலுக்கு ஓடுகிறது, மற்றக் குழந்தைகளோடு சேர்கிறது. பேச்சும் அறிவும் அதோடு சேர்ந்து வளர்கின்றன. அந்த வயதில் 101 நாள் என்பது பெரிய காலம். அதை மீட்டுத் தந்தது புதிய மருந்தோ அறுவை சிகிச்சையோ இல்லை. எந்த உடல், எந்த நேரத்தில், எந்த அளவு அசைவைக் கற்கும் என்ற அறிவுதான்.

அந்த அறிவுக்கு ஒரு துறை இருக்கிறது. உடல், புலன், அறிவுத்திறன் குறைபாடுகள் உள்ளவர்களுக்கேற்ப விளையாட்டையும் உடற்பயிற்சியையும் மாற்றியமைத்துக் கற்பிக்கும் தகவமைப்பு உடற்கல்வி. பல நாடுகளின் பல்கலைக்கழகங்களில் அது பட்டப்படிப்பாக வேரூன்றிவிட்டது. இந்தியாவில் பெரும்பாலான உடற்கல்விக் கல்லூரிகளில் அது இன்னும் ஒரு பாடத்தின் ஓர் அலகாகவோ, விருப்பத் தாளாகவோதான் இருக்கிறது. அந்த இடத்திலிருந்து அதை ஒவ்வோர் உடற்கல்வி ஆசிரியரும் கட்டாயம் கற்க வேண்டிய பாடமாக உயர்த்த வேண்டிய காலம் வந்துவிட்டது.

மரத்தடியில் ஒரு மாணவர்

பள்ளிகளில் விளையாட்டு மணி அடித்ததும் நடப்பது எல்லோருக்கும் தெரியும். வகுப்பே மைதானத்துக்கு ஓடும். காலிப்பர் அணிந்த மாணவி வகுப்பறையிலேயே இருந்துவிடுவாள். பார்வைக் குறைபாடுள்ள மாணவன் மரத்தடியில் நண்பர்களின் பைகளுக்கும் செருப்புகளுக்கும் காவல் இருப்பான். ஆசிரியருக்குக் கல்நெஞ்சு என்று இதற்குப் பொருளில்லை. விழுந்துவிட்டால் என்ன செய்வது, வலிப்பு வந்தால் என்ன செய்வது, பெற்றோர் கேட்டால் என்ன பதில் சொல்வது என்று அவர் அஞ்சுகிறார். அந்த அச்சத்தைப் போக்கும் பயிற்சியை அவர் படித்த கல்லூரி அவருக்குத் தரவில்லை.

சட்டம் தயங்கவில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, முன்பு ஏழாக இருந்த குறைபாட்டு வகைகளை 21ஆக விரிவுபடுத்தியது. அதன் 16ஆம் பிரிவு, அரசு நடத்தும் அல்லது அரசின் நிதியுதவியோ அங்கீகாரமோ பெற்ற கல்வி நிறுவனங்கள் மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளைப் பாகுபாடின்றிச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதோடு, மற்றவர்களுக்கு இணையாக விளையாட்டு, பொழுதுபோக்கு வாய்ப்புகளையும் தர வேண்டும் என்கிறது. 30ஆம் பிரிவு முழுக்க விளையாட்டுக்கானது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்காக இந்தியா 2007இல் ஏற்புறுதி செய்த ஐ.நா. உடன்படிக்கையின் 30ஆவது கூறும், பள்ளிக்குள் நடக்கும் விளையாட்டிலும் இந்தக் குழந்தைகளுக்குச் சம இடம் வேண்டும் என்று குறிப்பிட்டே சொல்கிறது. ஆக, மரத்தடியில் உட்கார வைக்கப்படும் ஒவ்வொரு மாணவரும் சட்டப்படி தனக்குரிய ஒரு பாடவேளையை இழக்கிறார்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடிப் பேர். தமிழ்நாட்டில் சுமார் 11.8 லட்சம் பேர். அதுவும் ஏழெட்டு வகைக் குறைபாடுகளை மட்டும் கணக்கில் எடுத்துக்கொண்ட எண்ணிக்கை. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட உடற்செயல்பாட்டு வழிகாட்டுதல்களில், மாற்றுத்திறனாளிகளுக்கெனத் தனிப் பரிந்துரைகளை முதன்முறையாகச் சேர்த்தது. குழந்தைகளுக்கு நாளுக்குச் சராசரியாக 60 நிமிடம், பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு. மற்றவர்களுக்குச் சொன்ன அதே அளவு இவர்களுக்கும். இதயநோய், நீரிழிவு, உடற்பருமன் எல்லாம் யாரையும் விட்டுவைப்பதில்லை. அசைவின்றி உட்கார வைக்கப்பட்டவர்களை அவை சீக்கிரமே பிடித்துக்கொள்கின்றன.

போர்க்கால மருத்துவமனையிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு

இந்தத் துறையின் வேர்களில் ஒன்று இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் இருக்கிறது. ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த யூத நரம்பியல் மருத்துவர் லுட்விக் குட்மன், 1944இல் அங்கே தண்டுவடக் காயப் பிரிவைத் தொடங்கினார். தண்டுவடம் அடிபட்ட போர்வீரர்கள் படுக்கைப் புண்ணாலும் சிறுநீரகத் தொற்றாலும் இறந்துபோவதுதான் இயல்பு என்று அன்றைய மருத்துவ உலகமே கைவிட்டிருந்தது. குட்மன் அவர்களை எழுப்பி உட்கார வைத்தார்; பந்தைக் கொடுத்தார்; வில்லைக் கொடுத்தார். லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய 1948 ஜூலை 29 அன்றே மருத்துவமனைத் தோட்டத்தில் வில்வித்தைப் போட்டி நடத்தினார். கலந்துகொண்டவர்கள் 16 பேர். 14 ஆண்கள், 2 பெண்கள். 12 ஆண்டுகள் கழித்து ரோமில் நடந்த போட்டியே இன்று முதல் பாராலிம்பிக் என்று கணக்கிடப்படுகிறது.

மருத்துவமனைத் தோட்டத்தில் தொடங்கியதைப் பள்ளி மைதானத்துக்குக் கொண்டுவந்தது சட்டம். மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகள் அனைவருக்கும் கல்வி என்று 1975இல் அமெரிக்கா சட்டம் இயற்றியபோது, ‘சிறப்புக் கல்வி’க்கான வரையறைக்குள்ளேயே உடற்கல்வியையும் எழுதிச் சேர்த்தார்கள். அந்தச் சில சொற்களின் விளைவு மிகப் பெரியது. ஒவ்வொரு பள்ளிக்கும் இந்தக் குழந்தைகளுக்கு உடற்கல்வி கற்பிக்கத் தெரிந்தவர் தேவைப்பட்டார். அவரை உருவாக்கப் பல்கலைக்கழகங்களில் துறைகள் தேவைப்பட்டன. பின்னர் 15 தேசியத் தரநிலைகள் வகுக்கப்பட்டு, 1997 முதல் அவற்றின் அடிப்படையில் சான்றிதழ்த் தேர்வும் நடக்கிறது.

ஐரோப்பா வேறு வழியில் போனது. பெல்ஜியத்தின் லூவென் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்டு, 1991இல் பல நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து இத்துறையில் முதுநிலைப் படிப்பைத் தொடங்கின. பிரான்ஸ் இன்னும் ஒருபடி மேலே போய், 2016இல் சட்டம் செய்தது. நீண்டகால நோயாளிகளுக்கு மருந்துச் சீட்டைப் போலவே தகவமைப்பு உடற்பயிற்சியையும் மருத்துவர் எழுதிக் கொடுக்கலாம். 2017 மார்ச்சில் அது நடைமுறைக்கு வந்தது. அந்தச் சீட்டுக்குப் பயிற்சி தரத் தகுதியுள்ளவர்களில் முக்கியமானவர்கள், விளையாட்டு அறிவியலில் இந்தப் பிரிவை எடுத்துப் படித்த பட்டதாரிகள். நம் ஊர்க் கல்லூரிகளில் விருப்பத் தாளாக ஒதுங்கி நிற்கும் படிப்பு, அங்கே ஒரு தொழிலாகவே ஆகிவிட்டது.

அன்பு மட்டும் போதாது

இதற்கெல்லாம் தனிப் படிப்பு எதற்கு, பொறுமையும் அன்பும் இருந்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. இந்தப் பாடத்தின் உள்ளே சற்று நுழைந்து பார்த்தால் விடை தெரியும்.

டவுன் சிண்ட்ரோம் உள்ள சில குழந்தைகளுக்குக் கழுத்தின் முதல் இரண்டு முள்ளெலும்புகளுக்கு இடையிலான பிணைப்பு தளர்ந்திருக்கும். மருத்துவரைக் கேட்காமல் அந்தக் குழந்தையைக் குட்டிக்கரணம் போடவோ சிரசாசனம் செய்யவோ விட்டால், தண்டுவடமே நசுங்கும் ஆபத்து உண்டு. மார்புக்கு மேலே தண்டுவடம் அடிபட்டவருக்கு அடிபட்ட இடத்துக்குக் கீழே வியர்க்காது. சித்திரை வெயிலில் அவரைச் சக்கர நாற்காலியில் சுற்றிவரச் சொன்னால் உடம்பின் சூடு கட்டுக்கடங்காமல் ஏறும். ஈரத்துணியும் நிழலும் தண்ணீரும் அவருடைய பயிற்சிக் கருவிகள். கடுமையான கிட்டப்பார்வை உள்ளவர்களில் விழித்திரை பிய்ந்துகொள்ளும் அபாயம் உள்ளவர்களை அறிந்து, முட்டி மோதும் ஆட்டங்களையும் உயரத்திலிருந்து குதிப்பதையும் தவிர்க்க வேண்டும். தசைச்சிதைவு நோய் உள்ள சிறுவனைக் களைத்துப்போகும்வரை பயிற்சி செய்யச் சொல்வது அவனுக்குத் தீங்கு. மூளை முடக்குவாதம் உள்ள மாணவியின் கையை வெடுக்கென்று இழுத்தால் தசை இன்னும் இறுகும். நிதானமாக நீட்டினால் இளகும்.

எதைச் செய்யக் கூடாது என்பது பாதிப் பாடம். மீதிப் பாதி, எப்படியெல்லாம் செய்யலாம் என்பது. இடம், செயல், கருவி, ஆட்கள் ஆகிய நான்கில் ஏதாவது ஒன்றை மாற்றினால் பெரும்பாலான ஆட்டங்களுக்குள் எல்லோரையும் கொண்டுவந்துவிடலாம் என்பது இத்துறையினர் கைக்கொள்ளும் முறை. ஆடுகளத்தைச் சுருக்கலாம். ஓடிப் பிடிப்பதற்குப் பதில் உருட்டிப் பிடிக்கலாம். பந்துக்குள் மணியை வைக்கலாம். காற்றைக் கொஞ்சம் குறைத்து மெதுவாக வரச் செய்யலாம். இருவரை ஜோடி சேர்க்கலாம். பார்வையற்ற ஓட்டக்காரரும் வழிகாட்டியும் ஒரு சிறு கயிற்றின் இரு முனைகளைப் பிடித்துக்கொண்டு ஓடுவது இப்படிப் பிறந்ததுதான். பார்வையற்றோர் கிரிக்கெட்டில் குலுங்கும் பந்தைத் தரையோடு உருட்டி வீசுவதும் அப்படியே. இரண்டாம் உலகப் போரில் பார்வை இழந்த வீரர்களுக்காக 1946இல் உருவான கோல்பால் ஆட்டத்தில் எல்லோரும் கண்ணைக் கட்டிக்கொள்கிறார்கள். பந்தின் மணியோசை கேட்க வேண்டும் என்பதால் அரங்கமே மூச்சடக்கி உட்கார்ந்திருக்கிறது.

சக மாணவர்களைப் பழக்குவதும் ஒரு கலை. காது கேளாத மாணவர்களோடு ஜோடி சேரும் வகுப்புத் தோழர்களுக்குச் சைகைகளையும் ஊக்கப்படுத்தும் முறைகளையும் முன்கூட்டியே கற்றுக்கொடுத்து, லாரன் லீபர்மனும் அவருடைய சகாக்களும் அமெரிக்கப் பள்ளிகளில் ஆய்வு செய்தார்கள். உடற்கல்வி வகுப்பில் அந்த மாணவர்கள் உற்சாகமாக ஓடியாடும் நேரம் கிட்டத்தட்ட இரட்டிப்பானது. கூடுதலாக ஓர் ஆசிரியரைக்கூட நியமிக்காமல் கிடைத்த பலன் இது.

அதே லீபர்மன் 1996இல் நியூயார்க் மாநிலத்தின் பிராக்போர்ட் கல்லூரியில் ‘கேம்ப் எபிலிட்டீஸ்’ என்ற கோடை முகாமைத் தொடங்கினார். பார்வைக் குறைபாடுள்ள குழந்தைகள் ஒரு வாரம் கல்லூரி வளாகத்தில் தங்கி நீச்சல், தடகளம், கோல்பால், மிதிவண்டி என்று கற்கிறார்கள். ஒரு குழந்தைக்கு ஒரு பயிற்றுநர். அவர்களில் பலர் உடற்கல்வி மாணவர்கள். ஒரு வாரம் ஒரு குழந்தையின் கூடவே இருந்து, நீரில் கைவீசும் விதத்தைத் தொட்டுக் காட்டிக் கற்றுக்கொடுத்த மாணவர், நாளை ஆசிரியராகும்போது யாரையும் மரத்தடிக்கு அனுப்ப மாட்டார். வகுப்பறையில் எத்தனை தாள் எழுதினாலும் வராத துணிவு அது.

பதக்கங்களுக்குப் பின்னால்

2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் இந்தியா 7 தங்கம் உட்பட 29 பதக்கங்களை வென்றது. தமிழ்நாட்டின் மாரியப்பன் தங்கவேலு, துளசிமதி முருகேசன், மனிஷா ராமதாஸ், நித்யஸ்ரீ சிவன் ஆகிய நால்வரும் பதக்கத்தோடு திரும்பினார்கள். சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியில் ஐந்து வயதில் பேருந்து மோதி வலது கால் சிதைந்த மாரியப்பன், 2016இல் ரியோவில் உயரம் தாண்டுதலில் தங்கமும், அடுத்து டோக்கியோவில் வெள்ளியும், பாரிஸில் வெண்கலமும் வென்றிருக்கிறார். அந்தச் சிறுவனிடம் உயரம் தாண்டும் திறமை இருப்பதை முதலில் கண்டுகொண்டு களத்தில் இறக்கியவர் அவருடைய பள்ளி உடற்கல்வி ஆசிரியர்.

ஜம்மு-காஷ்மீரின் ஷீத்தல் தேவி கைகளின்றிப் பிறந்தவர். காலால் வில்லைப் பிடித்து, தோளால் நாணை இழுத்து, தாடையால் அம்பை விடுவிக்கிறார். 17 வயதில் பாரிஸில் கலப்பு அணிப் பிரிவில் வெண்கலம் வென்றார். கட்ராவில் அவருக்குக் கற்றுக்கொடுத்த பயிற்சியாளர்கள் அதற்குமுன் கைகளில்லாத ஒருவருக்கு வில்வித்தை சொல்லிக்கொடுத்தவர்கள் இல்லை. காலால் அம்பு எய்யும் அமெரிக்கர் மேட் ஸ்டட்ஸ்மனின் முறையைப் பார்த்து, ஷீத்தலின் உடலுக்கேற்ற கருவியை அவர்களே வடிவமைத்தார்கள்.

இந்த ஆசிரியர்களையும் பயிற்சியாளர்களையும் நாடு கொண்டாட வேண்டும். கூடவே ஒரு கேள்வியையும் கேட்டுக்கொள்ள வேண்டும். அப்படியோர் ஆசிரியர் வாய்க்காத பள்ளியில் படித்த மாரியப்பன்கள் எத்தனை பேர்? பதக்கத்தை விடுங்கள், மாலையில் தெருப்பிள்ளைகளோடு பந்து விளையாட ஆசைப்படும் சாதாரணச் சிறுமிக்கு யார் இருக்கிறார்கள்? தற்செயலாக ஒருவருக்குக் கிடைக்கும் நல்லாசிரியரை எல்லோருக்கும் கிடைக்கச் செய்யும் இடம் கல்லூரி.

தமிழ்நாட்டின் கையிருப்பு

இந்தப் பணியைத் தொடங்கத் தமிழ்நாட்டைவிடப் பொருத்தமான மாநிலம் இல்லை. ஹாரி குரோ பக் 1920இல் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி நூற்றாண்டைத் தாண்டிவிட்டது. கோவை பெரியநாயக்கன்பாளையத்தில் ராமகிருஷ்ண மிஷன் விவேகானந்தா கல்வி ஆராய்ச்சி நிறுவன வளாகத்தில் இயங்கும் உடற்கல்விப் புலம், ‘பொது மற்றும் தகவமைப்பு உடற்கல்வி, யோகா’ என்று தன் பெயரிலேயே இத்துறையைத் தாங்கி நிற்கிறது. மாற்றுத்திறன் மேலாண்மைக்கும் சிறப்புக் கல்விக்குமான புலம் அதே வளாகத்தில் இருக்கிறது. இரண்டு துறைகளையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவரலாம் என்பதற்கு இது கண்முன் உள்ள சான்று.

சென்னைக்குத் தெற்கே மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. இரண்டும் 2005இல் செயல்படத் தொடங்கியவை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக ஒரு மணி நேரம் போதும். ஒன்றில் உடற்கல்வி ஆசிரியர்கள் உருவாகிறார்கள். மற்றொன்றில் சிறப்பாசிரியர்களும் மறுவாழ்வுப் பணியாளர்களும் உருவாகிறார்கள். பல்கலைக்கழக மாணவர்கள் ஒரு பருவம் முழுக்க வாரத்தில் ஒரு நாளை முட்டுக்காட்டில் குழந்தைகளோடு செலவிடும் ஏற்பாட்டுக்குப் புதிய கட்டடமோ பெரிய நிதியோ தேவையில்லை. பாடத்திட்டத்தில் மதிப்பெண்ணோடு கூடிய ஓர் இடம் கிடைத்தால் போதும்.

சிக்கல் நிர்வாகத்தில் இருக்கிறது. பி.பி.எட்., எம்.பி.எட். ஆகிய உடற்கல்வி ஆசிரியர் படிப்புகளின் விதிமுறைகளைத் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் வகுக்கிறது. சிறப்பாசிரியர்களை, 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த இந்திய மறுவாழ்வுக் கழகம் பதிவு செய்கிறது. அச்சட்டம் பட்டியலிடும் 16 வகைப் பணியாளர்களில் செவித்திறன் வல்லுநர் உண்டு, செயற்கை உறுப்பு வல்லுநர் உண்டு, பார்வையற்றோருக்கு நடமாட்டப் பயிற்சி தருபவர் உண்டு. தகவமைப்பு உடற்கல்வி ஆசிரியர் இல்லை. ஒரு குழுமத்துக்கு இது சிறப்புக் கல்வியாகத் தெரிகிறது. மற்றொரு கழகத்துக்கு விளையாட்டாகத் தெரிகிறது. இரண்டுக்கும் நடுவில் குழந்தை விடுபட்டுப்போகிறது. சிபிஎஸ்இ 12ஆம் வகுப்பு உடற்கல்விப் பாடத்தில் சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளின் விளையாட்டு பற்றி ஓர் அலகே இருக்கிறது. பிளஸ் டூ மாணவர் தேர்வுக்குப் படிக்கும் இந்த விஷயத்தில், அவருக்குக் கற்பிப்பவருக்கு நேரடிக் களப்பயிற்சி இல்லாதிருப்பது எப்படிச் சரியாகும்?

செய்ய வேண்டியவை

முதலாவது, பி.பி.எட். படிப்பில் தகவமைப்பு உடற்கல்வியைக் கட்டாயத் தாளாக்க வேண்டும். எழுத்துத் தேர்வோடு நிறுத்தாமல், சிறப்புப் பள்ளியிலும் உள்ளடக்கிய கல்வி நடக்கும் சாதாரணப் பள்ளியிலும் களப்பயிற்சி வைக்க வேண்டும். கற்பித்தல் பயிற்சிக்கு உள்ள அதே கண்டிப்பு இதற்கும் வேண்டும்.

இரண்டாவது, இரு ஒழுங்குமுறை அமைப்புகளும் கூட்டாக அங்கீகரிக்கும் ஓராண்டு முதுநிலைப் பட்டயப் படிப்பு. உடற்கல்விப் பட்டதாரி, சிறப்பாசிரியர் இருவருமே அதில் சேரலாம். படிப்புக்கு வேலை இல்லையென்றால் இரண்டே ஆண்டில் இருக்கைகள் காலியாகிவிடும் என்பதால், பணியிடத்தையும் சேர்த்தே உருவாக்க வேண்டும். தமிழ்நாட்டில் ஊராட்சி ஒன்றியங்கள் 388. ஒன்றியத்துக்கு ஒருவர் என்று தொடங்கினாலும் அந்தப் பகுதிப் பள்ளிகளின் உடற்கல்வி ஆசிரியர்களுக்கு ஆலோசனை சொல்லவும், ஒவ்வொரு குழந்தைக்கும் தனித் திட்டம் வகுக்கவும் ஆள் இருப்பார். இயன்முறைச் சிகிச்சையாளர் இருக்கிறாரே என்று இதைத் தள்ளிவிட முடியாது. அவர் மூட்டையும் தசையையும் செயல்பட வைக்கிறார். அந்த மூட்டையும் தசையையும் கொண்டு கூட்டாளிகளோடு விளையாடக் கற்றுக்கொடுப்பது வேறு பணி.

மூன்றாவது, இந்தக் கல்லூரிகளின் வாசலைத் திறந்துவிட வேண்டும். அரசுக் கல்லூரிகளிலும் அரசின் உதவி பெறும் கல்லூரிகளிலும் 5 விழுக்காட்டுக்குக் குறையாத இடங்களை மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்க வேண்டும் என்கிறது 2016ஆம் ஆண்டுச் சட்டம். உடற்கல்விக் கல்லூரிகள் பலவற்றிலோ, ஓட்டமும் தாண்டுதலும் கொண்ட உடற்தகுதித் தேர்வு சேர்க்கையின்போதே அவர்களை வடிகட்டிவிடுகிறது. போலியோவால் பாதிக்கப்பட்டு, சிகிச்சைக்காக நீரில் இறங்கி, பின்பு நீச்சல் வீராங்கனையாகிச் சக்கர நாற்காலிக் கூடைப்பந்தை நாடெங்கும் வளர்த்தவர் சென்னையில் வாழும் மாதவி லதா. அவரைப் போன்றவர்களுக்கு இந்தத் துறையில் கற்பிக்க என்ன குறை? தகுதித் தேர்வையே அவரவர் ஆடும் ஆட்டத்துக்கேற்ப மாற்றியமைப்பதில்தான் தகவமைப்பு உடற்கல்வி தொடங்க வேண்டும்.

இருக்கிற விளையாட்டு மணியையே கணக்குப் பாடத்துக்கு எடுத்துக்கொள்ளும் பள்ளிகளில் இதெல்லாம் நடக்குமா என்ற ஐயம் நியாயமானது. உடற்கல்வி ஆசிரியர் பணியிடங்கள் நிரப்பப்படாமல் கிடப்பதும் உண்மை. ஆனால் எல்லோருக்கும் சரியான பிறகு இவர்களுக்குப் பார்க்கலாம் என்று சொன்னால், இந்தக் குழந்தைகளின் முறை ஒருநாளும் வராது. மேலும், ஒவ்வோர் உடலுக்கும் ஏற்பக் கற்பிக்கப் பழகிய ஆசிரியரால் பருமனான மாணவரும் பலன் பெறுவார். ஆஸ்துமா உள்ளவரும், பந்தைக் கண்டாலே கூச்சப்பட்டு ஒதுங்கும் மாணவியும் பலன் பெறுவார்கள்.

தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2025இல் வெளியிட்ட வரைவு விதிமுறைகளில், உடற்கல்விக்கான நான்காண்டு ஒருங்கிணைந்த ஆசிரியர் பட்டப்படிப்பும் இடம்பெற்றிருக்கிறது. புதிய படிப்பு என்றால் புதிய பாடத்திட்டம். தமிழ்நாட்டின் உடற்கல்விப் பல்கலைக்கழகமும் கல்லூரிகளும் சிறப்புப் பள்ளிகளின் ஆசிரியர்களையும் மாற்றுத்திறன் விளையாட்டு வீரர்களையும் பெற்றோரையும் கூட்டி அமர்ந்து, அந்த நான்காண்டில் எந்தப் பருவத்தில் எந்தத் தாள், எத்தனை மணி நேரக் களப்பயிற்சி, எந்தெந்தப் பள்ளிகளில் என்று ஒரு வரைவை எழுதி குழுமத்துக்கும் மாநிலக் கல்வித் துறைக்கும் அனுப்ப வேண்டும். விதிமுறைகள் இறுதியாகிப் பாடத்திட்டம் அச்சேறிவிட்டால், அடுத்த திருத்தத்துக்கு இன்னொரு தலைமுறை மாணவர்கள் காத்திருக்க நேரும்.